பதினொரு நிமிஷம்

போன வருஷம் ஆடித் தள்ளுபடி முடிஞ்ச கையோட ஒரு ஜவுளிக்கடையில இருந்து போன் வந்துச்சு. அந்தக் கடைக்கு நாலு வருஷமா கம்ப்யூட்டர், பிரிண்டர், நெட்வொர்க் எல்லாம் நான்தான் பாக்குறேன், கேமரா மட்டும் வேற ஒருத்தர் போட்டது. "தம்பி, ஒரு பென்டிரைவ் எடுத்துட்டு வாங்க, கேமரால ஒரு அஞ்சு நிமிஷம் காப்பி பண்ணனும்"னு அண்ணாச்சி சொன்னாரு, குரல்லயே ஏதோ சரியில்லன்னு தெரிஞ்சுது.

போய் பாத்தா விஷயம் இதுதான். சனிக்கிழமை சாயங்காலம் 4,200 ரூபாய்க்கு ஒரு பில் கேன்சல் ஆகிருக்கு, ரிட்டர்ன் சீட்டு எதுவும் இல்ல, கடையில எல்லாரும் ஒரே லாகின்லதான் பில் போடுறாங்க அதனால யார் கேன்சல் பண்ணதுன்னும் தெரியல. பில்லிங் சாஃப்ட்வேர்ல கேன்சல் ஆன நேரம் 7:42. கேமரால 7:42க்கு பாத்தா கவுண்டர்ல வேலை பாக்குற பொண்ணு தனியா நிக்குது, கல்லாப்பெட்டி திறந்திருக்கு, கையில நோட்டு எண்ணிட்டு இருக்கு. பாக்குற யாருக்கும் ஒன்னுதான் தோணும். திங்கக்கிழமை காலையிலேயே அந்த பொண்ணை வேலைக்கு வர வேணாம்னு சொல்லிட்டாங்க, நான் போனது செவ்வாய்க்கிழமை.

காப்பி ஓடிட்டு இருக்கும்போது சும்மா நின்னுட்டு இருந்தேன், டிவி மூலையில டிவிஆர் டைம் ஓடுது, அதாவது கேமரா படத்தை பதிவு பண்ற பெட்டியோட நேரம், 11:08. என் போனை எடுத்து பாத்தா 11:19. ஒரு நிமிஷம் எனக்கு வயித்துக்குள்ள என்னமோ பண்ணிச்சு. பில்லிங் கம்ப்யூட்டர் போய் பாத்தேன், அது 11:19தான், அது நெட்ல இருக்கு, நெட்ல கேட்டு தானா நேரத்தை திருத்திக்கிற டைம் சிங்க் ஆன்ல இருக்கு, அதை நானே போட்டு விட்டது. அப்ப டிவிஆர்ல 7:42ன்னு காட்டுறது நிஜத்துல 7:53. நிஜமான 7:42 வேணும்னா டிவிஆர்ல 7:31க்கு போகனும். அண்ணாச்சியை கூப்பிட்டு பக்கத்துல உக்கார வச்சு 7:31 போட்டேன். கவுண்டர்ல அவரோட பையன் நிக்கிறாரு, ஒரு அம்மா ரெண்டு புடவையை திருப்பிக் கொடுக்குறாங்க, பையன் கம்ப்யூட்டர்ல ஏதோ தட்டுறாரு, பணத்தை எண்ணிக் கொடுக்குறாரு, புடவையை எடுத்து பின்னாடி ரேக்ல வைக்கிறாரு, சீட்டு எழுதல. அவ்வளவுதான். கூட்டத்துல மறந்துட்டாரு, யாரும் திருடல. அந்த பொண்ணு பதினொரு நிமிஷம் கழிச்சு சில்லறை கட்டு பிரிச்சுட்டு இருந்துருக்கு.

இதை எழுதனும்னு ரொம்ப நாளா நினைச்சுட்டு இருந்தேன். கடிகாரம் பெருசா தப்பா இருந்தா அதுல ஆபத்து கம்மி. மதர்போர்டுல அந்த வட்ட பேட்டரி செத்துப்போய் கம்ப்யூட்டர் 2009ன்னு காட்டுச்சுன்னா பிரவுசர் கத்தும், ஜிஎஸ்டி சைட் ஓபன் ஆகாது, பேங்க் சைட் ஓபன் ஆகாது, பத்து நிமிஷத்துல நமக்கு போன் வந்துரும். ஏன்னா ஒவ்வொரு சைட்டோட சர்டிஃபிகேட்டுக்கும் எந்த தேதியில இருந்து எந்த தேதி வரைக்கும்னு இருக்கு, 2009ல நின்னு பாத்தா அது இன்னும் பொறக்கவே இல்ல, பிரவுசர் நம்ப மாட்டேங்குது. ஆனா பதினொரு நிமிஷம் தப்புன்னா எதுவும் கத்தாது. எல்லாம் ஓடும், எல்லாம் சரியா இருக்குற மாதிரியே இருக்கும், என்னைக்காவது ஒரு நாள் ரெண்டு மெஷினோட நேரத்தை பக்கத்துல வச்சு பாக்குற வரைக்கும்.

அந்த பதினொரு நிமிஷம் எப்படி வந்துச்சுன்னு அன்னைக்கே கணக்கு போட்டு பாத்தேன். டிவிஆர் மாட்டி ரெண்டு வருஷம், அதாவது 730 நாள். 11 நிமிஷம்னா 660 செகண்ட். ஒரு நாளைக்கு 0.9 செகண்ட், ஒரு செகண்டு கூட முழுசா இல்ல. மெஷின்ல எந்த கோளாறும் இல்லன்னு அர்த்தம், சொல்லப்போனா அது நல்ல கிரிஸ்டல்தான்.

எல்லா கம்ப்யூட்டர்லயும் டிவிஆர்லயும் பேட்டரி கைக்கடிகாரத்துலயும் ஒரு சின்ன குவார்ட்ஸ் கிரிஸ்டல் இருக்கும், செகண்டுக்கு 32,768 தடவை அதிரும். ஏன் அந்த நம்பர்னா ரெண்டை பதினஞ்சு தடவை பெருக்கினா அது வரும், சர்க்யூட்ல பதினஞ்சு தடவை பாதி பாதியா குறைச்சா கரெக்டா ஒரு செகண்ட் கிடைக்கும். ஆனா எந்த கிரிஸ்டலும் சரியா 32,768ல நிக்காது, சாதாரணமா பத்து லட்சத்துக்கு 20 பங்கு அப்படி இப்படி இருக்கலாம்னுதான் விக்கிறாங்க. கேக்க ஒன்னுமில்லாத மாதிரி இருக்கும், ஆனா ஒரு நாளைக்கு 86,400 செகண்ட் இருக்கே, அதுல 1.7 செகண்ட் ஆயிடுது, மாசத்துக்கு கிட்டத்தட்ட 52 செகண்ட். சூடும் ஒரு காரணம், இந்த கிரிஸ்டலை 25 டிகிரிக்கு ஏத்த மாதிரி செஞ்சிருப்பாங்க, அதுக்கு மேல போனாலும் கீழ போனாலும் ஸ்லோ ஆகும். மேல தகர ஷீட்டு, ஃபேன் இல்லாத மூலை, டிவிஆருக்குள்ள ஹார்டிஸ்க் சூடு, நம்ம ஊர் மே மாசம், இதுல 25 டிகிரி எங்க இருந்து வரும்.

அப்ப எந்த கடிகாரமும் தனியா விட்டா தப்பாத்தான் போகும். அடிக்கடி யார்கிட்டயாவது கேட்டு கேட்டு திருத்திக்கனும். அந்த கேக்குற முறைக்கு பேருதான் என்டிபி, நெட்வொர்க் டைம் புரோட்டோகால். அமெரிக்காவுல டெலவேர் பல்கலைக்கழகத்துல இருந்த டேவிட் மில்ஸ்ங்கிறவர் உருவாக்கினது, முதல் விவரக்குறிப்பு 1985ல வந்துச்சு, இன்னைக்கு ஓடுற நாலாவது வெர்ஷன் 2010ல வந்தது. பிறக்கும்போதே கிளாகோமாங்கிற கண் நோய் அவருக்கு, கொஞ்சம் பார்வையை வச்சுக்கிட்டுதான் இதெல்லாம் பண்ணாரு, கடைசி காலத்துல அதுவும் போயிருச்சு. 2024 ஜனவரி 17ல இறந்தாரு. அன்னைக்கு உலகத்துல இருந்த கிட்டத்தட்ட எல்லா கம்ப்யூட்டரும் அவர் வழியிலதான் மணி பாத்துட்டு இருந்துச்சு, பேரு தெரிஞ்சவங்க ரொம்ப கம்மி. எனக்கு அது ரொம்ப வருத்தமா இருந்துச்சு.

இதுல அவர் பண்ண வேலை என்னன்னு புரிஞ்சுக்க ஒரு உதாரணம் சொல்றேன். நீங்க நெட்ல ஒரு சர்வர்கிட்ட மணி என்னன்னு கேக்குறீங்க, பதில் வந்து சேர்றதுக்குள்ள நேரம் ஓடிருமே, அப்ப வந்த பதிலே பழசுதானே? இப்படி நினைச்சுக்கோங்க. உங்க வீட்டுல மணி சரியா இருக்கான்னு சந்தேகம், பக்கத்து தெரு பெரியப்பா வீட்டு கடிகாரம் சரியானது, தம்பியை பாத்துட்டு வர சொல்லி அனுப்புறீங்க. உங்க கடிகாரத்துல 10:00க்கு கிளம்புறான். அங்க போய் சேந்தப்ப அங்க மணி 10:09. தண்ணி குடிச்சுட்டு கிளம்பும்போது அங்க 10:10. திரும்பி வந்தப்ப உங்க கடிகாரத்துல 10:11. நாலு நேரம் கிடைச்சிருச்சு. உங்க கணக்குல அவன் வெளிய இருந்தது 11 நிமிஷம், அதுல 1 நிமிஷம் பெரியப்பா வீட்டுல, அப்ப நடந்தது 10 நிமிஷம், போக 5 வர 5ன்னு வைங்க. கிளம்பி அஞ்சு நிமிஷத்துல அங்க சேந்தான்னா உங்க கடிகாரப்படி 10:05, ஆனா அங்க 10:09. அப்ப உங்க கடிகாரம் 4 நிமிஷம் ஸ்லோ. இதேதான் என்டிபி பண்ணுது, நாலு நேரத்தை குறிச்சு வச்சுக்கிட்டு ஒரு கூட்டல் கழித்தல், நிமிஷத்துக்கு பதிலா மில்லிசெகண்ட்ல.

ஒரே ஒரு ஓட்டை இதுல இருக்கு, போறதுக்கும் வர்றதுக்கும் ஒரே நேரம் ஆகும்னு நம்புறது. போறப்ப இறக்கம் 2 நிமிஷம், வர்றப்ப ஏத்தம் 8 நிமிஷம்னா கணக்குல 3 நிமிஷம் தப்பாயிடும், ரெண்டுக்கும் உள்ள வித்தியாசத்துல பாதி. அதனாலதான் பக்கத்துல இருக்குற சர்வரா பாத்து போடனும், தூரம் கம்மியா இருந்தா தப்பும் கம்மி. அதனாலதான் ஒருத்தர்கிட்ட மட்டும் கேக்காம நாலஞ்சு பேர்கிட்ட கேட்டு, யாரு சொல்றது மத்தவங்களோட ஒத்து வருதோ அதை எடுத்துக்கிட்டு தனியா உளர்றவனை ஒதுக்கிவிடுற வேலையும் என்டிபிக்குள்ள இருக்கு. ரெண்டு பேர்கிட்ட மட்டும் கேட்டீங்கன்னா வித்தியாசமா சொல்லும்போது எவன் சரின்னு தெரியாம போயிடும், நாலு வைக்கிறது நல்லது.

பெரியப்பா வீட்டு கடிகாரம் சரின்னு யாரு சொன்னாங்கன்னு அடுத்து கேக்கனும் இல்லையா. அவரு இன்னொருத்தர்கிட்ட கேக்குறாரு, அவரு இன்னொருத்தர்கிட்ட, கடைசில அணுக்கடிகாரத்துல போய் முடியும். சீசியம் அணு 919 கோடியே 26 லட்சத்து 31 ஆயிரத்து 770 தடவை அதிர்ற நேரம்தான் ஒரு செகண்ட்னு 1967ல இருந்து உலகமே ஒத்துக்கிட்ட கணக்கு. இந்தியாவுக்கு டெல்லியில இருக்குற தேசிய இயற்பியல் ஆய்வகம்தான் நேரத்துக்கு பொறுப்பு, இந்திய நேரம்னு நாம சொல்றது அங்க இருக்குற கடிகாரங்கள்ல இருந்து வர்றது. ஜிபிஎஸ் சேட்டிலைட் ஒவ்வொன்னுலயும் அணுக்கடிகாரம் இருக்கு, அதுல இருந்து ஒரு சின்ன ரிசீவர் வச்சு நேரம் எடுக்குற சர்வர்களும் நிறைய. அணுக்கடிகாரத்தையோ ஜிபிஎஸ்ஸையோ நேரா பாத்துட்டு இருக்குற சர்வரை முதல் படின்னும் அதுகிட்ட கேக்குறதை ரெண்டாம் படின்னும் எண்ணிட்டே வருவாங்க, 15 வரைக்கும் போகலாம், 16ன்னு காட்டுச்சுன்னா அந்த மெஷின் யார்கிட்டயும் கேக்காம அநாதையா இருக்குன்னு அர்த்தம். ஜவுளிக்கடை பில்லிங் கம்ப்யூட்டர் மூணாவதோ நாலாவதோ படியில இருந்தா போதும், அதுலயே சில மில்லிசெகண்டுக்குள்ள நிக்கும்.

2022 ஏப்ரல் 28ல மத்திய அரசோட சைபர் பாதுகாப்பு அமைப்பு செர்ட்-இன் ஒரு உத்தரவு போட்டாங்க, சர்வீஸ் கொடுக்குறவங்க, டேட்டா சென்டர், கம்பெனிகள் எல்லாரும் என்ஐசி (மத்திய அரசோட கம்ப்யூட்டர் அமைப்பு) இல்லன்னா தேசிய இயற்பியல் ஆய்வகத்தோட சர்வர்ல இருந்தோ, அதுகளோட தொடர்புள்ள சர்வர்ல இருந்தோதான் நேரம் எடுக்கனும்னு. ஏன்னு கேட்டா ஜவுளிக்கடை கதைதான். ஒரு ஹேக் நடந்தா பத்து மெஷினோட லாகை, அதாவது என்ன எப்ப நடந்துச்சுன்னு அது எழுதி வச்ச பதிவை, பக்கத்து பக்கத்துல வச்சு எது முதல்ல எது பின்னாடின்னு பாக்கனும், பத்து மெஷினும் பத்து மணி சொன்னா விசாரிக்குறதுக்கே வழி இல்ல. என்ஐசி சர்வர் பேரு சமய்னு ஆரம்பிக்கும், இந்தில நேரம்னு அர்த்தம், நம்ம சமயம்தான். வீட்டுக்கும் சின்ன கடைக்கும் நான் வழக்கமா பூல் டாட் என்டிபி டாட் ஆர்க் போடுவேன், 2003ல இருந்து உலகம் பூரா தன்னார்வலர்கள் அவங்க அவங்க சர்வரை சும்மா திறந்து விட்டு நடத்துறது, ஒரு பைசா வாங்குறதில்ல.

இன்னொரு நுணுக்கம், எனக்கு ரொம்ப பிடிச்சது. கடிகாரம் அரை செகண்ட் ஃபாஸ்டா இருக்குன்னு தெரிஞ்சா நாம என்ன பண்ணுவோம், முள்ளை பின்னாடி தள்ளுவோம். கம்ப்யூட்டர்ல அது தப்பு. நேரம் பின்னாடி போச்சுன்னா ஒரே நேரம் ரெண்டு தடவை வரும், அஞ்சாவது பில்லுக்கு அப்புறம் போட்ட ஆறாவது பில் அஞ்சாவதுக்கு முன்னாடி போட்ட மாதிரி பதிவாகும், பேக்கப் சாஃப்ட்வேர் புது ஃபைலை பழசுன்னு நினைச்சு விட்டுட்டு போயிரும். அதனால சின்ன தப்புன்னா கடிகாரத்தை தள்ளாம, ஓடுற வேகத்தை லேசா கூட்டி குறைச்சுத்தான் சரி பண்ணும். பழைய என்டிபி ப்ரோகிராம்ல அதிகபட்சம் பத்து லட்சத்துக்கு 500 பங்குதான் மாத்தும், அதாவது ஒரு செகண்ட் சரி பண்ண 2,000 செகண்ட் ஆகும், அரை மணி நேரத்துக்கும் மேல. அவ்வளவு பொறுமையா. தப்பு ரொம்ப பெருசுன்னா அதுவே சந்தேகப்பட்டு நின்னுரும், 1,000 செகண்டுக்கு மேல வித்தியாசம் வந்தா நான் தொட மாட்டேன் மனுஷன் வந்து பாக்கட்டும்னு வெளிய வந்துரும். விண்டோஸும் வீட்டு கம்ப்யூட்டர்ல 15 மணி நேரத்துக்கு மேல தப்பு இருந்தா தானா திருத்தாது. பேட்டரி செத்த மெஷின்ல சிங்க் வேலை செய்யலன்னு சொல்றவங்க முதல்ல கையால இன்னைக்கு தேதியை வச்சுட்டு அப்புறம் சிங்க் அழுத்துங்க, வேலை செய்யும். பேட்டரியையும் மாத்துங்க, 2032ன்னு போட்டிருக்கும் வட்ட பேட்டரி, எந்த கடையிலயும் கிடைக்கும், அதை மாத்தாம தினமும் காலையில தேதி வச்சுட்டு இருக்குற ஆபீஸ்களை நான் பாத்திருக்கேன்.

டைம் சரியில்லன்னு என்கிட்ட வர்ற கேஸ்ல பாதிக்கு மேல நேரம் தப்பே இல்ல, டைம் ஜோன்தான் தப்பு, அதாவது எந்த நாட்டு நேரம்ங்கிற செட்டிங். அன்னைக்கு அந்த டிவிஆருக்கே நெட் வயர் இழுத்து, என்டிபி டிக் போட்டு, ஓகே கொடுத்ததும் ரெண்டரை மணி நேரம் முன்னாடி ஓடிருச்சு, அண்ணாச்சி பயந்துட்டாரு. டிவிஆர் சைனால செஞ்சது, அதுல டைம் ஜோன் பிளஸ் 8ன்னு இருந்துச்சு, நம்மளது பிளஸ் 5:30. இது ரொம்ப பேர் விழுற குழி, கையால நேரம் வைக்கிற வரைக்கும் ஜோன் தப்பா இருந்தது தெரியாது, சிங்க் போட்டதும் வெளிய வரும், உடனே சிங்க் சரியில்லன்னு ஆஃப் பண்ணிட்டு பழையபடி கையால வச்சுட்டு போயிருவாங்க. அதே மாதிரி ஒரே லேப்டாப்ல விண்டோஸும் லினக்ஸும் வச்சிருக்குறவங்களுக்கு ஒவ்வொரு தடவை மாறும்போதும் மணி அஞ்சரை மணி நேரம் குதிக்கும், மதர்போர்டு கடிகாரத்துல இருக்குறது உலக நேரம்னு லினக்ஸ் நினைக்குது, உள்ளூர் நேரம்னு விண்டோஸ் நினைக்குது. லினக்ஸ்லயே உள்ளூர் நேரம் வைனு சொல்லலாம், ஆனா விண்டோஸ் ரிஜிஸ்ட்ரில ஒரு வரி சேத்து உலக நேரத்துக்கு மாத்துறதுதான் நல்லதுன்னு நான் சொல்லுவேன்.

வித்தியாசம் சரியா முழு மணி, அரை மணியில வந்தா ஜோன், 11 நிமிஷம் 37 செகண்ட்னு கோணலா வந்தா கிரிஸ்டல். இதை மட்டும் ஞாபகம் வச்சுக்கிட்டாலே பாதி கேஸ் நின்ன இடத்துல தீரும்.

நெட் இருந்தும் சிங்க் ஆகலன்னா ஃபயர்வால்ல என்டிபி போய் வர்ற 123 போர்ட் திறந்திருக்கான்னு பாருங்க, யுடிபி. ஒன்னு ரெண்டு மூனு, மறக்கவே மறக்காது. பழைய விண்டோஸ்ல வாரத்துக்கு ஒரு தடவைதான் கேக்கும், வாரம் பூரா சாயங்காலம் கம்ப்யூட்டரை ஆஃப் பண்ணி வைக்கிற கடையில அந்த ஒரு தடவையும் தவறிரும், கேக்குற இடைவெளியை குறைச்சு விடுங்க.

போனுக்கும் இதேதான். எங்க வீட்டு சுவர் கடிகாரம் எப்பவும் பத்து நிமிஷம் ஃபாஸ்ட், பஸ்ஸை விட்டுரக் கூடாதுன்னு அம்மா வச்சது, உங்க வீட்லயும் இருக்கும். ஒரு ஆடிட்டர் ஆபீஸ்ல ஒரு சார் அதே பழக்கத்துல போன்லயும் ஆட்டோமேட்டிக் டைமை ஆஃப் பண்ணி பத்து நிமிஷம் ஃபாஸ்டா வச்சிருந்தாரு. மெயில்ல நுழைய ஆறு இலக்க நம்பர் காட்டுற ஆப் இருக்கே, அது மூணு நாளா தப்பு தப்புன்னு சொல்லுதுன்னு என்னை கூப்பிட்டாரு. அந்த நம்பர் நேரத்தை வச்சுத்தான் உருவாகுது, 30 செகண்டுக்கு ஒன்னு, போனும் சர்வரும் பேசிக்கிறதே இல்ல, ரெண்டும் ஒரே நேரத்துல இருக்குங்கிற நம்பிக்கையில தனித்தனியா கணக்கு போட்டு ஒரே நம்பருக்கு வருது. பத்து நிமிஷம் தள்ளி நின்னா எப்படி வரும். ஆட்டோமேட்டிக் ஆன் பண்ணேன், அடுத்த நம்பர் உள்ள விட்டுச்சு.

லீப் செகண்ட் பத்தியும் ஒரு வார்த்தை. பூமி சுத்துற வேகம் அணுக்கடிகாரத்தோட ஒத்துப்போகாததால 1972ல இருந்து 27 தடவை உலக நேரத்துல ஒரு செகண்ட் கூடுதலா சேத்திருக்காங்க, நம்ம ஊருக்கு அது காலைல அஞ்சரைக்கு வரும். 2012 ஜூலை 1 காலைல அப்படி வந்தப்ப லினக்ஸ்ல ஒரு கோளாறு வெளிய வந்து உலகம் பூரா பல சர்வர் திணறிச்சு. கடைசியா சேத்தது உலக நேரப்படி 2016 டிசம்பர் 31, 2035க்குள்ள இந்த பழக்கத்தையே விட்டுரலாம்னு 2022ல முடிவு பண்ணிட்டாங்க, நல்ல முடிவு. அடுத்து பாக்க வேண்டியது 2036 பிப்ரவரி 7, என்டிபி 1900ல இருந்து செகண்டை எண்ணிட்டே வருது, அன்னைக்கு மதியம் 12க்கு ரெண்டு நிமிஷம் முன்னாடி அந்த எண்ணிக்கை நிரம்பி திரும்ப சுழியத்துக்கு வரும். பெரிய சிஸ்டம் எல்லாம் அதுக்கு தயாரா இருக்கு, இன்னைக்கு மாட்டுற மலிவான டிவிஆர் அன்னைக்கும் எங்கயாவது ஓடிட்டு இருந்தா அதை ஒரு தடவை போய் பாக்கனும்.

அந்த பொண்ணு விஷயம். அன்னைக்கு சாயங்காலமே அண்ணாச்சி அவங்க வீட்டுக்கு நேர்ல போனாரு, பையனையும் கூட்டிட்டு. தப்பு எங்க மேலன்னு சொல்லி திரும்ப வர சொல்லி கேட்டிருக்காரு. அவங்க அப்பா உக்கார வச்சு காபி கொடுத்து மரியாதையா பேசிருக்காரு, ஆனா அனுப்ப மாட்டேன்னுட்டாரு. தெருவுல பத்து பேர் கேட்டாச்சு, அந்த ரெண்டு நாளை யாரும் திருப்பி கொடுக்க முடியாதுல்ல. கேமரா நான் போட்டது இல்லதான், ஆனா அது மாட்டின ரெண்டு வருஷமா மாசா மாசம் அந்த டிவி முன்னாடி நின்னவன் நான், ஒரு தடவை கூட அந்த மூலையில இருந்த மணியை என் போனோட ஒத்து பாக்கல.

இப்ப எங்க போனாலும் முதல் வேலை அதுதான். போனை ஸ்கிரீன் பக்கத்துல பிடிச்சு ரெண்டு நேரமும் தெரியுற மாதிரி ஒரு போட்டோ, டிவிஆர், பில்லிங் கம்ப்யூட்டர், கைரேகை அட்டெண்டன்ஸ் மெஷின் எல்லாத்துக்கும், நோட்டுல தேதி போட்டு வித்தியாசத்தை எழுதி வைக்கிறேன். கையால யாரையும் நேரம் வைக்க விடுறதில்ல, சிங்க் பண்ண முடியாத இடத்துல நானே வைக்கிறேன், வச்ச தேதியையும் எழுதுறேன், அப்பத்தான் அடுத்த மாசம் எவ்வளவு ஓடிருக்குன்னு தெரியும்.

போன வாரம் ஒரு ஸ்பின்னிங் மில்லுல அட்டெண்டன்ஸ் மெஷினை பாத்தேன், மூணு நிமிஷம் ஃபாஸ்ட். அங்க அஞ்சு நிமிஷம் லேட்டா வந்தா அரை நாள் கூலி பிடிப்பாங்க. மெஷின் வாசல்ல இருக்கு, நெட்வொர்க் சுவிட்ச் ஆபீஸ் ரூம்ல, நடுவுல 30 மீட்டர் கேபிள் இழுக்கனும். மேனேஜர் அடுத்த மாசம் பாக்கலாம்னு சொன்னாரு. இந்த ஞாயித்துக்கிழமையே வந்து இழுத்துக் கொடுக்குறேன், கேபிள் காசு மட்டும் கொடுங்க போதும்னு சொல்லிட்டு வந்திருக்கேன்.